பச்சை யானையைச் சந்தையில் விற்ற கதை

வெங்கலப்பாறைக்காரர்களுக்கு அறிவு மட்டு என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். அந்த ஊருக்கென்று ஒதுக்கிய அறிவை மாட்டுத் தரகர் வீட்டு அண்ணன் தம்பி மூன்று பேரும் முந்திக்கொண்டு போய் அள்ளிவிட்டார்கள். மற்றவர்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். இல்லாதவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூத்தவர் வீரணன். அவர் பேசமாட்டார், தீர்ப்புத்தான் சொல்லுவார். குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடத் தொண்டையைச் செருமி, நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார். கடைக்குட்டி மொக்கச்சாமி. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. "மாடு வெயில்ல நிக்குது, நிழல் பார்த்துக் கட்டுடா" என்றால், அந்த மாட்டின் நிழலிலேயே முளையடித்து அந்த மாட்டைக் கட்டிவிட்டு வந்து கையைக் கழுவிக்கொள்வான்.

நடுவில் தவசி. நம்ம கதை இவனுடையது. அண்ணனும் தம்பியும் கொஞ்சம் விவரம் பத்தாதவர்கள் என்பது தவசிக்கு நன்றாகத் தெரியும். மொத்த வீட்டுக்கும் தான் ஒருத்தனே யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு. பாவம், அவன் மூளை பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

அந்த வருஷம் அவனுக்கு வேறு கவலை. அவனிடம் ஒரு ஜோடிக் காளை இருந்தது, சாம்பல் நிற மயிலை ஒன்று, செந்நிறச் செவலை ஒன்று. கன்றாக வாங்கி வந்த நாளிலிருந்து ஒன்றாகவே தின்று, ஒன்றாகவே படுத்து வளர்ந்தவை. அதில் செவலையை விற்க வேண்டியதாகிவிட்டது.

விற்றது எதற்கு என்று கேளுங்கள். அவர்களுடைய சித்தப்பா இருளப்பன், ரயிலில் தபால் பிரிக்கிற வேலை பார்த்தவர், கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாமல் இருந்து போய்ச் சேர்ந்தார். சாகும்போது, "பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டாம்டா, சின்னதா முடிச்சிருங்க" என்று மூன்று பேர் கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பெரியவர் சொல்லை மீறலாமா? சின்னதாக ஒரு தேர்ப்பாடை கட்டினார்கள். சின்னதாக ரெண்டு செட்டுக் கொட்டு வைத்தார்கள். சின்னதாக ஊர் முழுக்கக் கறிச்சோறு போட்டார்கள். இப்படிச் சின்னதும் சின்னதுமாகச் சேர்ந்து ஒரு காளையைத் தின்றுவிட்டது.

வாங்கிய வியாபாரி குப்பணன் நெஞ்சில் கொஞ்சம் ஈரம் உள்ளவன். "அடுத்த சந்தைக்குள்ள அம்பதாயிரம் கொண்டா, காளையை அவுத்துக்கிட்டுப் போ. இல்லேன்னா சந்தை முடிஞ்சதும் லாரி ஏத்திருவேன்" என்றான். லாரி எங்கே போகும் என்று அவன் சொல்லவில்லை. தவசி கேட்கவும் இல்லை. ரெண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டில் மயிலை தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டுத்தறியைப் பார்த்தபடி நின்றது. பருத்திக்கொட்டை அரைத்து வைத்தாலும் சரி, தவிடு கலக்கி வைத்தாலும் சரி, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. தவசி தொழுவத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நிஜமாகவே அழுதான். மூளைதான் கொஞ்சம் அப்படி இப்படி, மனசு அவனுக்குச் சுத்தம்.

அப்போதுதான் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. உள்ளே துணியில் சுற்றி ஒரு தடி ஆல்பம், ஆயுசு பூராவும் அவர் சேர்த்து வைத்த தபால்தலைகள். அதைப் பற்றியும் சாகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "கண்ட விலைக்குத் தள்ளிராதீங்கடா. மாட்டை எப்படி விப்பீங்களோ, அப்படி இதை விக்கணும். நல்ல விலை போகும்." மாடு விற்பதில் காட்டுகிற கவனத்தை இதிலும் காட்டச் சொன்னார் மனுஷன். செத்துப்போகிற அவசரத்தில் யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டார்.

கயிற்றுக் கட்டிலில் மொக்கச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஆல்பத்தை வைத்துத் திறந்தார்கள். திறந்த பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு யானைத் தபால்தலை. சுற்றிலும் ராஜாக்கள், ராணிகள். ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு செருகியிருந்தது. ஞானமணி, தபால்தலை வாங்குகிறவர், திருச்சி.

தவசியின் பெண்டாட்டி செல்லாத்தா உடனே அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த வீட்டில் போன் எப்படிப் போடுவது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு குறைக்காகவே மற்ற மூன்று பேரும் அவள்மேல் கொஞ்சம் இரக்கமாக இருப்பார்கள்.

"இருளப்பன் சார் ஆல்பமா? ஐயோ, அவர் என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார்!" என்று போனில் குரல் துள்ளியது. "நான் புதன்கிழமை பணத்தோட நேர்லயே வர்றேம்மா. அதுவரைக்கும் தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணிறாதீங்க. தண்ணி படக் கூடாது, வெயில் படக் கூடாது. இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அசைக்கவே அசைக்காதீங்க."

போன் வைத்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆல்பம் இப்போது எப்படி இருக்கிறது? மொக்கச்சாமி மடியில், திறந்தபடி இருக்கிறது.

"மொக்கை, அசையாதே" என்றார் வீரணன்.

மொக்கச்சாமி அசையவில்லை. சாயங்காலம் வரை மூச்சை மட்டும் அளவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெதுவாக, உதடு மட்டும் அசைய, "மதினி, எனக்கு ஒதுங்கணும்" என்றான்.

"அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே" என்று வீரணன் யோசித்தார்.

"அந்தப் புஸ்தகத்தைத் தூக்கிக் கீழே வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க கொழுந்தனாரே!" என்று கத்தினாள் செல்லாத்தா.

"தூக்கினா அசைஞ்சிருமே" என்றான் தவசி, அவளுடைய விவரமின்மையைப் பொறுத்துக்கொண்டு. கடைசியில் அவனும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிலையே தூக்கிக்கொண்டு, நிறைகுடம் சுமக்கிற பதனத்தில் கொல்லைக்குப் போனார்கள். அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. ஆல்பம் அசையவில்லை, அது போதும். புதன்கிழமை வரைக்கும் இதே கதைதான். சோறும் செல்லாத்தாதான் ஊட்டினாள், ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வசவு சேர்த்து.

ஆனால் சித்தப்பா சொல் என்று ஒன்று இருக்கிறதே! மாட்டை விற்கிற மாதிரி விற்க வேண்டுமே! புதன்கிழமைதான் சந்தை நாள், ஞானமணியையும் செல்லாத்தாவை விட்டு அங்கேயே வரச் சொல்லிவிட்டார்கள். சந்தைக்குப் போகிற மாட்டை முதலில் லட்சணம் பார்க்க வேண்டும். வீரணன் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, திறந்திருந்த பக்கத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். ராஜா ராணி முகத்திலெல்லாம் தபாலாபீஸில் குத்திய வட்ட முத்திரை இருந்தது. அவர் முகம் இருண்டது.

"எல்லாத்துக்கும் நெத்தியில சுழி விழுந்திருக்கு" என்றார்.

தவசிக்குத் திக்கென்றது. நெற்றிச் சுழி உள்ள மாட்டை வாங்கினவன் குடும்பம் தேறாது என்பது சந்தைக்குப் போகிற கைக்குழந்தைக்கும் தெரியும்.

"பச்சை யானைக்கு மட்டும் சுழி இல்லண்ணே, சுத்தமா இருக்கு" என்றான் ஆறுதலாக.

"சுழி இல்லாட்டி என்ன? ஓரத்தைப் பாரு. சுத்திலும் பல்லு. ஒரு பல்லுகூட பாக்கியில்லாம முளைச்சு நிக்குது. இது கன்னும் இல்ல, காளையும் இல்ல. படுகிழடு."

மொக்கச்சாமி அசையாமல் ஒரு யோசனை சொன்னான். "கத்திரிக்கோல் எடுத்துக் கொஞ்சம் பல்லை வெட்டி விட்டுருவோமாண்ணே? ரெண்டு பல்லுக் கன்னுன்னு சொல்லி வித்துரலாம்."

வீரணனுக்கு வந்ததே கோபம்! "பல்லை அராவி விக்கிறது திருட்டுப் பயல் வேலைடா! நம்ம பரம்பரையில எவனாச்சும் அந்தக் காரியம் பண்ணியிருக்கானா? சுழி இருந்தா இருக்குன்னு சொல்லுவோம். கிழடா இருந்தா கிழடுன்னு சொல்லுவோம். அதுக்கு மேல வாங்குறவன் பாடு."

இப்படியாகச் சித்தப்பாவின் ஆயுசுச் சேமிப்பு, அண்ணனின் நேர்மையால் ஒரு கத்திரிக்கோலிடமிருந்து தப்பியது. நேர்மைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு போலிருக்கிறது. ஆல்பத்தைக் குளிப்பாட்டுகிற சடங்கு, தண்ணீர் படக் கூடாது என்பதால் கைவிடப்பட்டது. அட்டையின் ரெண்டு மூலைக்கும் கொம்புக்கு அடிக்கிற மாதிரி நீலப் பெயின்ட் அடித்து, ஒரு சலங்கை கட்டினார்கள். சந்தைக்குக் கிளம்பும் முன் ஒரு கூடையில் பருத்திக்கொட்டை வைத்து ஆல்பத்துக்கு முன்னால் காட்டினான் தவசி. அது தின்னவில்லை. "இதுவும் நம்ம மயிலை மாதிரியே ஏங்கிப் போச்சு" என்று சலங்கையைத் தடவிக் கொடுத்தான்.

புதன்கிழமை காலையில் சந்தையே வாயைப் பிளந்து நின்றது. கட்டில் வருகிறது, கட்டில்மேல் சம்மணம் போட்டு மொக்கச்சாமி, அவன் மடியில் திறந்த ஆல்பம், வெயில் படாமல் மேலே ஒரு குடை. ஆல்பத்தின் அட்டையிலிருந்து ஒரு புதுக் கயிறு தொங்குகிறது. கட்டிலை இறக்கி, முளையடித்து, அந்தக் கயிற்றை அதில் கட்டினார்கள்.

"ஆளு விலைக்காப்பா?" என்று ஒருத்தர் மொக்கச்சாமியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அசையக் கூடாது என்பதால் அவனும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தவசியின் கண் மட்டும் சந்தையின் மறுகோடியில் இருந்தது. அங்கே குப்பணனின் லாரி நின்றது. அதன் பின்பக்கம் பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். பலகைக்குக் கீழே அவன் செவலை. இவனைக் கண்டதும் காதைத் தூக்கிக்கொண்டு ஒரு சத்தம் கொடுத்தது. இன்றைக்கு விற்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஞானமணி சார் பஸ் இறங்கி வந்தார். ஒல்லியான மனுஷர். ஒரு கையில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் சின்ன இடுக்கி, தோளில் பணப்பை. கட்டிலையும் குடையையும் சலங்கையையும் பார்த்து ஒரு நிமிஷம் வழி தவறி வந்துவிட்டோமோ என்று தயங்கினார். பிறகு பச்சை யானையைக் கண்டார். அப்புறம் அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"முதல்லயே சொல்லிர்றோம் சார்" என்று வீரணன் முன்னால் வந்தார். "மறைச்சு விக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் நெத்திச் சுழி. அத்தனையும் கிழடு. தீனி எடுக்கலை."

"பழசா இருந்தாத்தாங்க அருமை! இந்த யானை ஒண்ணு போதும், இந்தக் கண்ணு பாருங்க, இந்தப் பச்சை பாருங்க!" என்று சார் இடுக்கியால் யானையைப் புரட்டினார். "பின்னால பசைகூட அப்படியே இருக்கு! நான் பார்த்ததிலேயே அழகான தலை!"

மூன்று பேரும் திடுக்கிட்டுப் போனார்கள். வாங்க வந்தவன் சரக்கைப் புகழ்வதா? நொண்டி, சொத்தை, குருடு என்று திட்டித் தீர்ப்பதல்லவா வாங்குகிறவனின் மரியாதை? "ஆளு பலே கைகாரன்டா, உஷாரா இரு" என்று தம்பியின் காதைக் கடித்தார் வீரணன்.

அந்த நேரம் பார்த்து சார் பகிரங்கமாக, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மொத்த ஆல்பத்துக்கும் ரெண்டு லட்சம் தர்றேன்!" என்றார்.

தவசி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினான். "சார், சார்! வாயால விலை சொல்லாதீங்க! நாலு பேரு நிக்கிறான்!"

இங்கே சந்தை முறையைச் சொல்லிவிட வேண்டும். வெங்கலப்பாறையில் வாயால் சொல்கிற விலை ஊருக்கு. அதை ஒருத்தரும் நம்புவதில்லை. நிஜ விலை துண்டுக்குள்ளே. ரெண்டு பேர் கைக்கும் மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேச வேண்டும். எத்தனை விரலைப் பிடிக்கிறாயோ அத்தனை பத்தாயிரம். எதிராளி கையை ஒரு குலுக்குக் குலுக்கினால், அதில் ஒன்றைக் குறை என்று அர்த்தம். மூன்று தரம் கேட்டும் அதே இடத்தில் நின்றால் அதுதான் கடைசி விலை. மறு பேச்சே கிடையாது.

தவசி தோள் துண்டை எடுத்து ரெண்டு கைக்கும் மேலே போட்டான். உள்ளே சாரின் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தான். அம்பதாயிரம். செவலையின் விலை. அதற்கு மேல் ஒரு பைசா அவனுக்கு வேண்டாம்.

அட, கை குலுக்குகிற மரியாதை இந்த ஊரில் துண்டுக்கு உள்ளே போலிருக்கிறது என்று நினைத்தார் ஞானமணி சார். சந்தோஷமாக, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டே மூன்று குலுக்குக் குலுக்கினார்.

அஞ்சில் மூன்று போனால் ரெண்டு. தவசிக்கு முகம் வெளுத்தது. அடப்பாவி, வாயில் ரெண்டு லட்சம், கையில் இருபதாயிரமா? மறுபடியும் அஞ்சு விரலைப் பிடித்தான், கொஞ்சம் கெஞ்சலாக. இவ்வளவு பாசமான மனுஷரா என்று சாருக்கு நெகிழ்ந்துவிட்டது. முன்னைவிட அழுத்தமாக மூன்று குலுக்கு. தவசி கண்ணை மூடிக்கொண்டு, சித்தப்பாவை நினைத்துக்கொண்டு, மூன்றாவது தரமும் பிடித்தான். மூன்று குலுக்கு. முடிந்தது.

எத்தனையோ பேர் விரலைப் பிடித்தவன் தவசி. இத்தனை ஈவிரக்கமில்லாத கையை அவன் பார்த்ததே இல்லை. ஆனால் குப்பணனின் லாரியில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். "சரி சார். முடிஞ்சது" என்றான், குரல் உடைய.

சார் பையிலிருந்து ரெண்டு லட்சத்தையும் எடுத்து நீட்டினார். தவசி அதில் இருபதாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை அவர் கையிலேயே திணித்தான்.

"என்னங்க இது? ரெண்டு லட்சங்க! உங்க பணங்க!"

"துண்டுக்குள்ள நீங்க சொன்னது இருபது."

"நான் எங்கேய்யா சொன்னேன்? கையைத்தானே குலுக்கினேன்!"

"குலுக்கினீங்கல்ல? அதுதான் சார் விலை" என்றார் வீரணன். "ஒரு ரூபா கூட வாங்கினாலும் அது பிச்சை. எங்களை என்னன்னு நினைச்சீங்க?"

செல்லாத்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? குடுக்கிறார்ல, வாங்கித் தொலைங்களேன்!"

"துண்டு விஷயத்துல பொம்பளைங்க பேசக் கூடாது" என்றான் தவசி. சந்தையே அதை ஆமோதித்தது. தரகன்னா இவன்தான் தரகன் என்று கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊர் என்றால் சும்மாவா? அறிவு போனாலும் முறை போகாது. செல்லாத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொரு முறையும் பாக்கி இருந்தது. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. விற்றவன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், வாலில் ஒரு முடியும் பிடுங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு லட்சுமியும் மாட்டோடு போய்விடுவாள். தவசி ஆல்பத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டான். "சார், முறைக்கு இதுல இருந்து ஒண்ணு எடுத்துக்கிறோம்."

சாரோ ஏழைகளை மொட்டையடித்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில் கூனிப்போய் நின்றார். "ஒண்ணு என்னய்யா, உங்களுக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்குங்க" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி.

தவசிக்கு எது பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா? அவன் அதைப் பதனமாகப் பிரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சுழி இல்லாதது அது ஒன்றுதானே.

இருபதாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தான். கால் நகரவில்லை. அம்பதுக்கு இருபதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? அவன் தயங்கித் தயங்கிப் போய்ச் சேர்வதற்குள் செல்லாத்தா ஞானமணி சாரை ஓரமாகக் கூப்பிட்டு, செவலை கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். சார் சுற்றி வந்து, குப்பணன் கையில் முப்பதாயிரத்தை வைத்து அழுத்தி, "அவர்கிட்ட சொல்லாதீங்க, வாங்க மாட்டார்" என்றார்.

தவசி கைமேலும் குப்பணன் கைமேலும் துண்டு விழுந்தது. குப்பணன் அஞ்சு விரலைப் பிடித்தான். தவசி சற்று முன் தான் கற்றுக்கொண்ட அந்தக் கொடூரமான குலுக்கலை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மூன்று குலுக்குக் குலுக்கினான்.

"சரி, ஓட்டிக்கிட்டுப் போ" என்றான் குப்பணன், கொட்டாவி விட்டபடி.

தவசிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களாண்ணே! என் குலுக்குக்கு முன்னால எவன் நிப்பான்?" ஆல்பத்துக் கயிறு கையிலேயே இருந்தது. அதைச் செவலை கழுத்தில் போட்டு, அதன் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அது அவன் காதை நக்கியது.

கட்டிலில் மொக்கச்சாமி இன்னும் உட்கார்ந்திருந்தான். மடியிலிருந்து ஆல்பம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே! சொன்ன பிறகோ கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. செவலைக்குப் பின்னால் அவனையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டுதான் ஊர்வலம் வீடு திரும்பியது.

வாசலில் வீரணன் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். "இது எதனால வீட்டை விட்டுப் போச்சு? யோசிச்சுப் பாருங்க. நெத்தியைப் பாருங்க."

பார்த்தார்கள். செவலையின் நெற்றியில் நடுவாக ஒரு சுழி. இத்தனை வருஷம் ஒருத்தர் கண்ணிலும் படாத சுழி.

"மறைக்கணும்" என்றார் வீரணன். "இல்லேன்னா மறுபடியும் போயிரும்."

மறுபடியும் போவதா? தவசி பதறிப்போய்ச் சட்டைப் பையைத் துழாவினான். பச்சை யானை வெளியே வந்தது. முதுகில் பசை இருந்தது. "தண்ணி படக் கூடாதுன்னு சொன்னாரேண்ணே" என்று நினைவூட்டினான் மொக்கச்சாமி, கட்டிலிலிருந்து. "எச்சில் எப்படிடா தண்ணியாகும்?" என்று தவசி நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கி, செவலையின் நெற்றிச் சுழிமேல் யானையை வைத்து அழுத்தினான். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ராஜகளை வந்துவிட்டது காளைக்கு.

செவலையைத் தொழுவத்துக்குள் ஓட்டினான். மயிலை திரும்பிப் பார்த்தது. ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், செல்லாத்தாவுக்கே கண் கலங்கிவிட்டது. ஓடி வந்து செவலையின் முகத்தை நக்கியது. காதை நக்கியது, கண்ணை நக்கியது, நெற்றியை நக்கியது. நாக்கில் ஏதோ ஒட்டியது. மென்றது. விழுங்கியது. பிறகு கூடைக்குள் தலையை விட்டுப் பருத்திக்கொட்டையை வெளுத்துக் கட்ட ஆரம்பித்தது.

"தின்னுட்டான்! என் மயிலை தின்னுட்டான்!" என்று தவசி வாசலில் நின்று கூத்தாடினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு ஆட்டோ அலறிக்கொண்டு வந்து நின்றது. ஞானமணி சார் குதித்தார். பாதி வழியில் பஸ்ஸில் ஆல்பத்தைப் புரட்டியிருக்கிறார். "யானை! யானை எங்கே? ரெண்டு லட்சமே அதுக்குத்தானேய்யா! மீதியெல்லாம் சும்மா!"

"மயிலைக்கிட்ட இருக்கு" என்றான் தவசி பெருமையாக. "கூப்பிட்டு ஊட்டினாலும் தின்னாத மாடு சார். இன்னிக்கு முதல் வாயே உங்க யானையைத்தான் தின்னுச்சு."

சார் தொழுவத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து மயிலையை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஆசை யாரை விட்டது? திடீரென்று எழுந்து, பையிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு, மயிலைக்குப் பின்பக்கம் போய்க் குந்தினார். "யாரும் மாட்டைத் தொடாதீங்க! ஒண்ணும் பண்ணாதீங்க! இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், அசைக்கவே அசைக்காதீங்க!"

மொக்கச்சாமிக்கு இந்த வாசகம் பழக்கமானதுதான். மரத்த காலை இழுத்துக்கொண்டு வந்து, மயிலையின் வாலைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். வால் அசையவில்லை. அசையாமல் எதுவும் வெளியே வரவும் வழியில்லை.

வீரணன் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு சொல்லணும். உள்ளே போனது உங்க யானையா, எங்க யானையாங்கிறது வேற வழக்கு. ஆனா வெளியே வரப்போறது எங்க மாட்டுச் சரக்கு. அதுக்கு விலை பேசணும்ல?"

தவசி துண்டை எடுத்தான்.

ஞானமணி சார் அவனைப் பார்த்தார். வீரணனைப் பார்த்தார். படித்தவர், நாலு ஊர் பார்த்தவர், விவரமானவர். ஒரு பெருமூச்சு விட்டு, வலது கையில் இடுக்கியோடு, இடது கையைத் துண்டுக்குள்ளே நீட்டினார். தவசி அஞ்சு விரலையும் பிடித்தான். சார் இந்தத் தடவை விலையைக் குறைத்தே தீருவது என்று கையைக் குலுக்கப் போனார்.

"சார், அசைக்கக் கூடாது! நீங்கதானே சொன்னீங்க!" என்று பதறிப்போய், பிடித்திருந்த வாலை விட்டுவிட்டு, அவர் முழங்கையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான் மொக்கச்சாமி.

மயிலை நிதானமாக வாலைத் தூக்கியது.